கடல் சரியாமல் இருக்கட்டும்: வீட்டுக் கணினியில் போட்டோ திருத்தப் பழகுவோருக்கு

திருகோணமலை டச்சு வளைகுடாக் கரையில் விடியற்காலை நின்றால் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பி வரும். வெளிநாட்டிலிருந்து திருமலைக்கு வந்து நிற்கும் சொந்தக்காரர் எவரும் அந்த நேரத்தில் போனைத் தூக்காமல் விட்டதில்லை. கனடாவிலிருந்து வந்திருந்த என் சித்தி மகளும் அப்படித்தான். தன் ஆறு வயது மகனைக் கடலுக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போனை நீட்டினாள்.

"அண்ணா, இதை ஏதும் செய்யலாமே? பிள்ளையின்ர முகமே தெரியேல்லை."

வாங்கிப் பார்த்தேன். பையன் கறுத்த நிழலாக நிற்கிறான். கடல் இடது பக்கம் சரிந்து, தண்ணீர் முழுக்கக் கோணேசர் மலைப் பக்கமாக வழிந்துவிடும் போல இருக்கிறது. வலது மூலையில் ஒரு காகம், அதற்குப் பக்கத்தில் யாரோ எறிந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தல்.

இதற்காக எந்த மென்பொருளும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் கணினியோடு சேர்ந்தே வரும் 'போட்டோஸ்', 'பெயின்ட்' என்ற இரண்டும் போதும். அந்தப் படத்தை முடிக்க எனக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது. அதே படத்தை வைத்துக்கொண்டே முறையைச் சொல்கிறேன். விண்டோஸ் 11இல் உள்ளபடி சொல்கிறேன். 10இல் பொத்தான்கள் கொஞ்சம் இடம் மாறியிருக்கும், வேலை ஒன்றுதான்.

முதலில் போனிலிருந்து கணினிக்கு

பலர் இங்கேயே பிழை விடுகிறார்கள். படத்தை வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக் கணினியில் இறக்குகிறார்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 12 மெகாபிக்செல் கமராவில் எடுத்த படம் 4000க்கு 3000 பிக்செல். பிக்செல் என்பது படத்தை ஆக்கும் சின்னப் புள்ளி. அந்தப் படம் போய்ச் சேரும்போது நீளமும் அகலமும் நன்றாகக் குறைந்துவிடும். யூஎஸ்பி வயரால் இணையுங்கள். அன்ட்ரொய்ட் போன் என்றால் பூட்டைத் திறந்து, மேலேயிருந்து இழுத்தால் வரும் அறிவிப்பில் 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், படம் ஒன்றும் கண்ணில் படாது. படங்கள் 'டிசிஐஎம்' என்ற போல்டருக்குள் 'கமரா' என்ற இடத்தில் இருக்கும். வயர் இல்லை, வாட்ஸ்அப்தான் வழி என்றால் படமாக அனுப்பாமல் 'டொக்கியுமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது.

சித்தி மகளின் போன் ஐபோன். 2017க்குப் பிறகு வந்த ஐபோன்கள் பெரும்பாலும் 'ஹெய்க்' (HEIC) என்ற வகையில் படத்தைச் சேமிக்கின்றன. சில விண்டோஸ் கணினிகளில் அது திறக்காது. போனிலேயே செட்டிங்ஸ், கமரா, போர்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கொம்பட்டிபிள்' என மாற்றிவிட்டால் அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் எல்லாம் சாதாரண 'ஜேபெக்' ஆக வரும். ஊருக்கு வந்திறங்கிய முதல் நாளே சொந்தக்காரரின் போனை வாங்கி இதைச் செய்துவிடுங்கள். போகும் நாளில் செய்து பயனில்லை.

மூலத்தில் கை வைக்காதீர்கள்

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் அம்மம்மாவை வீட்டு முற்றத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன். பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். நல்ல படம். மாமாவுக்கு மின்னஞ்சலில் அனுப்புவதற்காக அதைப் பெயின்டில் திறந்து 640 பிக்செல் அகலத்துக்குச் சுருக்கி, அப்படியே சேவ் பண்ணிவிட்டேன். கமராக் கார்டையும் அதற்கு முன்னரே அழித்தாயிற்று. அம்மம்மா தவறியபோது அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகத்துக்கும் சுவரில் மாட்டவும் அந்தப் படத்தைத்தான் எல்லோரும் கேட்டார்கள். ஸ்டூடியோவில் 12 அங்குல அகலத்துக்குப் பெருப்பித்தார்கள். ஓர் அங்குலத்துக்கு 53 பிக்செல்தான் வருகிறது. பதிப்புக்கு 300 இருந்தால் நல்லது, 150க்குக் கீழே போனால் கட்டம் கட்டமாகத் தெரியும். அம்மம்மாவின் சிரிப்பு பாய் பின்னினதுபோல் சுவரில் தொங்குகிறது.

அதனால் கணினியில் இரண்டு போல்டர் திறவுங்கள். ஒன்றுக்கு 'மூலம்', மற்றதற்கு 'திருத்தியவை' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். போனிலிருந்து வரும் எல்லாம் மூலத்துக்குள் போகட்டும். திருத்த விரும்பும் படத்தை அங்கிருந்து கொப்பி எடுத்து மற்றதற்குள் போடுங்கள். மூலம் போல்டரின் இன்னொரு பிரதி பென்டிரைவில் இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே சின்னச் சின்னப் போல்டராகப் பிரிக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணை முன்னால் எழுதி, பிறகு 'டச்சு பே', 'கன்னியா', 'சாமத்திய வீடு' என்று ஒரு சொல் சேர்த்தால் பட்டியல் தானாகவே காலவரிசையில் நிற்கும்.

கொப்பியில் திருத்தினாலும் ஒரே ஜேபெக் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து சேவ் பண்ண வேண்டாம். ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரத்தைக் கழித்துத்தான் சேமிக்கும். அடையாள அட்டையின் போட்டோக்கொப்பியைத் திரும்பப் போட்டோக்கொப்பி எடுத்து, அதை இன்னொரு முறையும் எடுத்தால் முகம் என்ன ஆகுமோ அதுதான் நடக்கும். திருத்த வேண்டியதை எல்லாம் ஒரே இருப்பில் திருத்தி, ஒரு தரம் சேமியுங்கள்.

கடலை நிமிர்த்துவது

படத்தை இரண்டு தரம் சொடுக்கினால் போட்டோஸில் திறக்கும். மேலே பென்சில் போட்ட படம் ஒன்று இருக்கும், அதுதான் எடிட். கொன்ட்ரோல் விசையோடு ஈ எழுத்தை அழுத்தினாலும் அதே இடத்துக்குப் போகலாம். முதலில் வருவது கிராப்.

கிராப் என்றால் வெட்டுவது. ஆனால் வெட்டுவதற்கு முன் நிமிர்த்த வேண்டும். படத்துக்குக் கீழே பாகை குறித்த ஓர் அளவுகோல் தெரியும். அதை மெல்ல இழுத்தால் படம் சுழலும், மேலே கட்டக்கோடுகள் தோன்றும். கடலும் வானமும் சந்திக்கும் கோட்டை அந்தக் கட்டக்கோடு ஒன்றோடு ஒட்டிப் பாருங்கள். எங்கள் படத்துக்கு இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவு தேவைப்பட்டது. இரண்டு பாகை என்பது பார்க்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் கடல் விடயத்தில் கண் மன்னிக்காது. காடு, தெரு, வீட்டுக்கூரை எல்லாம் கொஞ்சம் சரிந்தாலும் பொறுத்துக்கொள்ளும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் எடுக்கும் படங்களில் பின்னால் கோடு கிழித்ததுபோல் அடிவானம் கிடக்கும், அதனால் பத்தில் எட்டுப் படத்துக்கு இந்த ஒரு திருத்தம்தான் உண்மையில் வேண்டியிருக்கும். உள்துறைமுகப் பக்கம் எடுத்தால் எதிரில் மலையும் கரையும் வந்துவிடும், அங்கே கரைக்கோடு இயல்பாகவே சாய்ந்திருக்கலாம். அப்போது கரையை நம்பாமல் ஒரு மின்கம்பத்தையோ கட்டடத்தின் மூலையையோ நிமிர்ந்த கோட்டோடு ஒட்டிப் பாருங்கள்.

நிமிர்த்தும்போது மூலைகள் தானாகக் கொஞ்சம் வெட்டுப்படும். எங்கள் காகத்தின் வால் இந்த முறையிலேயே போய்விட்டது. மிச்சக் காகத்தையும் போத்தலையும் வலது ஓரத்தைச் சற்று உள்ளே தள்ளி வெட்டினேன். பிள்ளை படத்தின் நட்டநடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கவும் அதுவே உதவியது. ஆனால் காலை வெட்டும்போது கவனம். முழங்காலிலும் கணுக்காலிலும் கோடு விழுந்தால் ஆளுக்குக் கால் இல்லாதது போலத் தெரியும். தொடையிலோ இடுப்பிலோ வெட்டுங்கள், இல்லையென்றால் பாதம் வரைக்கும் விடுங்கள்.

பிரின்ட் போடப் போகிறீர்களா என்பதையும் இந்த இடத்திலேயே முடிவு செய்ய வேண்டும். போன் படம் பெரும்பாலும் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்கும். ஸ்டூடியோவில் போடும் நான்குக்கு ஆறு அங்குல அட்டை மூன்றுக்கு இரண்டு. இரண்டும் பொருந்தாது. 4000க்கு 3000 படத்தை அந்த அட்டைக்கு ஏற்றினால் 3000இல் 2667தான் மிஞ்சும், 333 வரி போய்விடும். எங்கே வெட்டுவது என்று நீங்கள் சொல்லாவிட்டால் மெஷின் மேலும் கீழும் சமமாக வெட்டும். கோணேசர் கோவிலுக்கு முன்னால் குடும்பமாக நின்று எடுத்த படத்தில் கோபுரக் கலசம் போய், ஆட்களின் செருப்பும் போய் வருவது இதனால்தான். கிராப்பில் விகிதத்தைத் தெரிவு செய்யும் பொத்தானில் மூன்றுக்கு இரண்டை எடுத்து, கலசத்தை உள்ளே வைத்து, நீங்களே வெட்டிக் கொடுங்கள்.

முகத்துக்கு வெளிச்சம்

இப்போது அட்ஜஸ்ட்மென்ட். சூரியனைப் போல ஒரு படம் போட்டிருக்கும். உள்ளே நிறைய இழுவைக் கோடுகள். புதிதாகப் பழகுபவர்கள் முதலில் இழுப்பது 'பிரைட்னஸ்'. அதை ஏற்றினால் முகமும் வெளிக்கும், வானமும் வெளிக்கும். சூரியோதயத்தின் செம்மஞ்சள் எல்லாம் கரைந்து பால் ஊற்றினது போல ஆகிவிடும். பின்னால் வெளிச்சமும் முன்னால் இருட்டும் உள்ள படத்துக்கு வேண்டியது வேறு இரண்டு. 'ஷடோஸ்' இருண்ட பகுதிகளை மட்டும் தூக்கும். 'ஹைலைட்ஸ்' வெளிச்சமான பகுதிகளை மட்டும் அடக்கும்.

பையனின் படத்தில் ஷடோஸை 40 வரை ஏற்றினேன். கண், மூக்கு, முன்பல் விழுந்த சிரிப்பு எல்லாம் நிழலுக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தன. சித்தி மகள் பின்னால் நின்று "ஐயோ, சிரிச்சுக்கொண்டே நிண்டவன்!" என்றாள். எடுத்தவளுக்கே அதுவரை தெரியாது. 70க்கு ஏற்றிப் பார்த்தேன், கன்னத்தில் மணல் தூவினது போல் புள்ளி புள்ளியாக வந்தது. இருட்டில் போன் கமரா பிடிக்கும் விவரம் அவ்வளவுதான். திரும்ப 40க்கே வந்தேன். ஹைலைட்ஸைக் கழித்தல் 30க்கு இறக்க, சூரியனைச் சுற்றியிருந்த முகில் தெளிந்தது. அதோடு நிறுத்திவிட்டேன்.

எதை இழுத்தாலும் கொஞ்சம் அதிகமாகவே இழுத்து, பிறகு பாதிக்குத் திரும்புங்கள். அதிகம் எது என்று கண்டால்தான் போதும் எது என்று தெரியும். பிழைத்தால் கொன்ட்ரோலும் இசட் எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். ஐந்து நிமிடம் எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தும் பார்க்கலாம். ஆனால் கரண்ட் போனால் சேமிக்காத திருத்தம் போனதுதான், அதனால் மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் தேத்தண்ணியைக் கொஞ்சம் கெதியாகக் குடியுங்கள்.

சில படங்களுக்கு மருந்து இல்லை. மத்தியான வெயிலில் வெள்ளை வேட்டி சட்டையோடு நிற்பவரின் சட்டை முழுக்க வெள்ளைத் திட்டாகிவிட்டால் அதற்குள் மடிப்பையோ பொத்தானையோ கொண்டுவர முடியாது. அங்கே விவரமே பதியவில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான் துள்ளும்போது எடுத்து மங்கிப்போன படமும் அப்படித்தான். கூர்மையைக் கூட்டும் கோட்டை இழுத்தால் மானுக்கு ஓரம் தடிக்குமே தவிர, மான் நிற்காது. அழித்துவிட்டு இன்னொரு நாள் போய் எடுங்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் போனைத் திருப்ப வேண்டாம்.

நிறம்: திருநீற்றைப் பாருங்கள்

சூரியோதயப் படத்தில் நிறத்தைத் தொடவே இல்லை. கலியாண மண்டபப் படங்களுக்குத்தான் இது வேண்டும். டியூப் லைட்டுக்குக் கீழே எல்லோரும் பச்சை பிடித்து நிற்பார்கள், மஞ்சள் பல்ப் என்றால் மஞ்சள் காமாலை வந்தது போல. 'வோம்த்' என்பது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையில் நகர்த்தும். 'டின்ட்' பச்சைக்கும் இளஞ்சிவப்புக்கும் இடையில். எவ்வளவு நகர்த்துவது? படத்துக்குள் உண்மையில் வெள்ளையான ஒன்றைத் தேடுங்கள். நம்மவர் படங்களில் அதற்குப் பஞ்சமில்லை. ஐயரின் நெற்றித் திருநீறு, மாப்பிள்ளையின் வேட்டி. அது வெள்ளையாகத் தெரியும்வரை இரண்டு கோடுகளையும் நகர்த்தினால் கூறைச்சேலையின் சிவப்பு தானாகவே சிவப்பாக வந்து நிற்கும்.

'சட்டுரேஷன்' நிறத்தை அடர்த்தியாக்கும். 10க்கு மேல் போகாதீர்கள், கடல் சாயம் கரைத்த தண்ணியாகிவிடும். இன்னொன்று, முகத்தை வெளிக்க வைக்கும் ஆசை. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டு அல்பங்களைத் திறந்தால் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். காசு கொடுத்து அதைச் செய்விக்கிறோம். வீட்டில் இருந்து நீங்களே திருத்தும்போதாவது பிள்ளையைப் பிள்ளையின் நிறத்தில் விடுங்கள்.

பழைய படங்கள்

2004 டிசம்பரில் கடல் வந்து போன பிறகு கரையோர வீடுகளில் அல்பம் என்று மிஞ்சியது கொஞ்சம். மிஞ்சியதும் தண்ணீர்க் கறையோடு இருக்கிறது. ஸ்கேனர் இல்லாவிட்டால் போனாலேயே அவற்றைப் படம் எடுக்கலாம். கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, ஜன்னலோரம் நேர் வெயில் படாத இடத்தில் மேசையில் வைத்து, பிளாஷை நிறுத்தி, நேர் மேலேயிருந்து எடுங்கள். போனின் நிழல் விழாமல் பாருங்கள். ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்கப் பார்க்க வேண்டாம், அல்பத் தாளோடு சேர்த்தே எடுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படம் மஞ்சளித்திருந்தால் சட்டுரேஷனைக் கழித்தல் 100க்கு இறக்கினால் மஞ்சள் முழுக்கப் போய்விடும். பிறகு 'கொன்ட்ராஸ்ட்' 15, 20 ஏற்றினால் மங்கிய முகங்கள் எழும்பும். வானத்திலோ சுவரிலோ உள்ள கறைக்கு 'இரேஸ்' என்ற கருவி இருக்கிறது. அழிறப்பர் போலத் தேய்த்தால் சுற்றியுள்ள நிறத்தைப் பார்த்து அந்த இடத்தை நிரப்பிவிடும். முகத்தின் மேல் மட்டும் அதைப் பிடிக்காதீர்கள். அது பழைய முகத்தை மீட்டெடுப்பதில்லை, தன் கற்பனையில் ஒன்றை வரைகிறது. அப்பப்பாவின் கன்னத்துக் கறையைத் தேய்த்தால் யாரோ ஒருவருடைய கன்னம் வரும்.

சேமிப்பதும் சுருக்குவதும்

மேலே 'சேவ் ஒப்ஷன்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்து 'சேவ் அஸ் கொப்பி'யைத் தெரிவு செய்யுங்கள். வெறும் 'சேவ்' கொடுத்தால் பழையதன் மேலேயே எழுதிவிடும். அம்மம்மாவின் கதைதான். மக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் உள்ள 'பிரிவியூ' கேட்காமலே மூலத்தின் மேல் சேமித்துவிடும். திறந்தவுடன் 'டூப்ளிகேட்' எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மக்கின் 'போட்டோஸ்' அப்படிச் செய்யாது, பழையதை வைத்திருந்து கேட்டால் திருப்பித் தரும்.

விண்ணப்பத்துக்கோ மின்னஞ்சலுக்கோ சின்னப் படம் வேண்டுமென்றால், திருத்திய பிரதியைப் பெயின்டில் திறந்து கொன்ட்ரோலும் டபிள்யூ எழுத்தும் அழுத்துங்கள். பிக்செல் என்பதைத் தெரிவு செய்து, நீள அகல விகிதத்தைப் பூட்டும் அடையாளம் போட்டிருக்கிறதா என்று பார்த்து, அகலத்துக்கு 1200 கொடுங்கள். உயரம் தானாக வரும். விகிதம் பூட்டாமல் விட்டால் ஆள் பரங்கிக்காய் போல அகன்றுவிடுவார். 'சேவ் அஸ்' கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். கடவுச்சீட்டுப் படத்தை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம், அதற்கென்று பதிவுள்ள ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும்.

முகநூலில் போடுவதற்கு முன் இன்னொரு வேலை. போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் ஒளிந்திருக்கலாம். படத்தின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி 'புரொப்பர்ட்டீஸ்', அதற்குள் 'டீடெய்ல்ஸ்' போனால் கீழே தனிப்பட்ட விவரங்களை நீக்கும் வரி ஒன்று உண்டு. பிள்ளைகள் நிற்கும் படங்களிலும் வீட்டு வாசலில் எடுத்த படங்களிலும் அதைச் செய்துவிடுங்கள்.

பிரின்டுக்குக் கொண்டுபோகும்போது சுருக்காத பிரதியைப் பென்டிரைவில் போடுங்கள். நான்குக்கு ஆறு அட்டைக்குக் குறைந்தது 1200க்கு 1800 பிக்செல் இருந்தால் நன்றாக வரும். "ஓட்டோ கரெக்ஷன் போடாமல் அடியுங்கோ" என்று ஸ்டூடியோவில் முதலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்துத் திருத்தியதை மெஷின் தன் பாட்டுக்குத் திருத்திவிடும். திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, அட்டைக்குப் பின்னால் எதுவும் இல்லை, ஆகவே கணினியில் சரியாக இருந்த படம் தாளில் கொஞ்சம் இருண்டே வரும். பத்துப் படம் ஒன்றாகக் கொடுக்காமல் ஒன்றை மட்டும் அடித்துப் பார்த்தோம். இருட்டாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, அதே திருத்தங்களோடு 'எக்ஸ்போஷர்' 10 ஏற்றித் திரும்பக் கொடுத்தோம். இரண்டாவது தரம் வந்த அட்டையில் பையனின் விழுந்த பல் இடைவெளி வரைக்கும் தெரிந்தது.